தேயிலைப் பெட்டியும் தும்புத்தடியும்

1957ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆந் திகதி, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்குத் துறைமுகமாகிய லிவர்பூல் நகரின் புறத்தே அமைந்த வூல்ற்றன் என்னும் ஊரில், பரிசுத்த பேதுரு தேவாலயத்தின் கோடை விழா நடைபெற்றது. ஊரின் ஒடுங்கிய தெருக்களினூடே லொறிகள் ஊர்வலமாகச் சென்றன. முன்னே குதிரைப்படைப் பிரிவொன்றின் பாண்டு வாத்தியம்; அதன் பின்னே ரோஜா ராணியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட சிறுமி; அதன் பின்னே வேடந்தரித்த குழந்தைகள். இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்த லொறியொன்றின் தட்டில் ஆறு இளைஞர்கள் கையிற் கிடைத்த வாத்தியங்களோடு நின்றும் இருந்தும் பாடிக்கொண்டு சென்றனர். பிற்பகலில் தேவாலயத்தின் பின்புறத்து வெளியிலும் அவர்கள் பாடினர். அதே விழாவில் பொலிஸ் நாய்களின் சாகசக் காட்சியும் இடம்பெற்றது. இரவு ஆலய மண்டபத்தில் நடைபெற்ற நடன நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் இரண்டு சிலிங்.

அன்று, பிற்பகல் நிகழ்ச்சிக்கும் இரவு நிகழ்ச்சிக்கும் இடையில், அக்கோஷ்டியின் தலைவனாகிய பதினாறு வயதுச் சிறுவனுக்குப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனை நண்பன் ஒருவன் அறிமுகஞ் செய்துவைத்தான். முன்னவன் ஜோன் லெனன். பின்னவன் போல் மக்காட்னி. இவ்விருவரும் பின்னர் 'பீற்றில்ஸ்' என்னும் பெயரோடு உலகத்தையே வசப்படுத்திய கதை யாவரும் அறிந்ததே. ஆதலின் வூல்ற்றன் விழாவை உலகம் அவ்விருவரின் சந்திப்புக்காகவே நினைவு கூருகின்றது.

ஆனால் இக்கட்டுரை அவ்விருவரையும் பற்றியதன்று. அந்த லொறித் தட்டில் லெனனோடு நின்ற ஏனைய ஐவரையும் பற்றியது. எரிக் கிரிபித்ஸ் கிற்றார் வாசித்தார். றொட் டேவிஸ் பான்ஜோ மீட்டினார். கொலின் ஹன்ரன் முரசறைந்தார். பீற் ஷொற்றன் துணி துவைக்கும் நெளிபலகையைத் தேய்த்தார். லென் கரி தேயிலைப் பெட்டியில் நாதமெழுப்பினார். கலையுலகின் பெருங்கோபுரங்களைப் பற்றி எழுதுவோர் பலர். அக்கோபுரங்களைத் தாங்கி நிற்கும் அடித்தளக் கற்களைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

பெட்டி பிறப்பித்த நாதம்

அக்காலத்து இங்கிலாந்தின் ஊர்தோறும் இளைஞரைப் பற்றிக்கொண்ட இசை 'ஸ்கிபிள்' எனப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நீக்ரோ மக்கள், வாத்தியம் வாங்க வகையற்ற நிலையில், சாடிகளையும் சலவைப் பலகைகளையுமே வாத்தியமாக்கிப் பாடிய மரபிலிருந்து கிளைத்தது இது. இங்கிலாந்தில் ஜாஸ் கோஷ்டியினர் தம் கச்சேரிகளின் இடைவேளையில் இதனைப் பாடி வந்தனர். அத்தகைய கோஷ்டியொன்றைச் சேர்ந்த லொனி டொனகன் என்பவர் 1954இல் பாடிப் பதிவு செய்த 'ரொக் ஐலண்ட் லைன்' என்ற பாடல், 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பரவியது. அதனைக் கேட்ட இளைஞர் ஆயிரக்கணக்கானோர் தாமுங் கோஷ்டி அமைக்கத் தலைப்பட்டனர்.

அதற்குக் காரணம் எளிது. இந்த இசைக்கு நீண்ட காலப் பயிற்சி வேண்டியதில்லை. கிற்றாரில் மூன்று சுரக்கூட்டுகளைப் பிடிக்கத் தெரிந்தாற் போதும். லெனனுக்கு அதுவுங் கூட முறையாகத் தெரிந்திருக்கவில்லை. தாயிடம் பான்ஜோ வாத்தியத்தின் விரலமைப்பைக் கற்று, அதனையே கிற்றாரிலும் வாசித்து வந்தான். இசைத்தட்டில் விளங்காத சொற்களுக்குப் பதிலாகத் தானே சொற்களை இட்டுக்கட்டிப் பாடினான். கிற்றார் ஒன்றைத் தேடிக்கொண்டால் எஞ்சியவை யாவும் வீட்டிலிருந்தே கிடைத்தன. சமையலறையின் நெளிபலகையை மடிமீது வைத்து, விரல் நுனிகளில் தையற்காரர் அணியும் உலோக உறைகளை மாட்டித் தேய்த்தால் தாளம் பிறந்தது. மந்தர ஒலிக்குத் தேயிலைப் பெட்டி உதவியது.

இந்தத் தேயிலைப் பெட்டியைப் பற்றி நாம் சற்று நின்று பேசுதல் தகும். ஒட்டுப்பலகையால் ஆகி, விளிம்புகளில் தகரப்பட்டி அடித்து, உட்புறம் ஈயத்தாள் போன்ற உலோகத் தாள் ஒட்டிய பெட்டி அது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த அப்பெட்டிகள், தேயிலை தீர்ந்ததும் பலசரக்குக் கடைகளின் பின்புறத்தில் அடுக்கப்பட்டுக் கிடந்தன. வீடு மாறுவோர் பாத்திரம் நிரப்புவதற்கு அவற்றைக் கேட்டு வாங்கிச் செல்வர். இளைஞர்கள் அதனைக் கவிழ்த்து வைத்து, மேற்பலகையின் நடுவில் துளையிட்டு, ஒரு கயிற்றை நுழைத்து முடிந்தனர். கயிற்றின் மறுநுனியைத் தும்புத்தடியின் உச்சியிற் கட்டி, தடியின் அடிப்பாகத்தைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றினர். தடியைப் பின்னுக்குச் சாய்த்தாற் கயிறு இறுகி ஒலி உயரும். முன்னுக்குத் தளர்த்தினால் ஒலி தாழும். சுரத்தானம் இன்னதென்று குறித்துக் காட்டும் அடையாளம் எதுவுமில்லை. செவியே வழிகாட்டி.

நமது மலைநாட்டில் கொழுந்து கிள்ளிய கைகளின் உழைப்பைச் சுமந்து சென்ற பெட்டிகளின் இனத்தைச் சேர்ந்ததே இந்த வாத்தியம். கொழுந்து கிள்ளியவர் இந்த இசையைக் கேட்டதில்லை. இசைத்தவரும் அக்கைகளை அறிந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அக்கைகளுக்குரியோரிற் பெரும்பாலோர் நாடற்றவராகியிருந்த காலமும் அதுவே. உலக வாணிபம் தொலைதூரத்து இரு வறுமைகளை ஒன்றையொன்று அறியாமலே இணைத்து வைப்பதுண்டு. இதுவும் அதற்கு ஓர் உதாரணம்.

காலத்தின் கோலம்

இந்த இளைஞர் எழுச்சியை வெறும் நாகரிக மோகம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. யுத்த காலத்திற் பிறந்து பங்கீட்டு உணவுண்டு வளர்ந்த தலைமுறை இது. தேயிலைக்கான பங்கீடு 1952இல் நீங்கியது. உணவுப் பங்கீடு முற்றாக ஒழிந்தது 1954இல். இளைஞர் யாவரும் கட்டாய இராணுவ சேவை செய்ய வேண்டுமென்ற விதியை முடிவுக்குக் கொண்டுவர அரசாங்கம் 1957இல் தீர்மானித்தது. இறுதி அழைப்பு 1960இல் விடுக்கப்பட்டது. 1939 ஒக்டோபருக்குப் பின் பிறந்தோர் அச்சேவைக்கு அழைக்கப்படவில்லை. படைமுகாமிற் கழிந்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் முதன்முறையாக இளைஞருக்கே சொந்தமாயின.

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மற்றொரு காரணம். பதினொரு வயதில் நடைபெறும் பரீட்சையிற் சித்தியடைந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் உயர்தரப் பாடசாலைகளுக்குச் சென்றனர். லெனனும் அவனது தோழர் மூவரும் பயின்ற குவாரி பாங்க் பாடசாலை அத்தகையது. வூல்ற்றன் கற்குழிகளுக்குப் பெயர்பெற்ற இடம். லிவர்பூலின் அங்கிலிக்கன் பேராலயத்துக்குரிய செந்நிற மணற்கல் அங்கிருந்தே அகழப்பட்டது. பாடசாலையின் பெயரையும் பாடசாலைக் கீதத்தையும் ஒட்டி இளைஞர் தம் கோஷ்டிக்குக் 'குவாரிமென்' என்று பெயர் சூட்டினர். கல்லுடைப்போர் என்பது அதன் பொருள். லென் கரி வேறொரு பாடசாலை மாணவர். முரசறைந்த ஹன்ரனோ அப்பொழுதே தளபாடங்களுக்கு மெத்தை தைக்கும் தொழில் பழகிக்கொண்டிருந்தவர். தம் சொற்ப ஊதியத்திலிருந்து தவணை முறையில் முரசுகளை வாங்கினார். முரசு வைத்திருந்தமையே கோஷ்டியில் அவர் இடம்பெறப் போதிய தகுதியாயிற்று.

இங்கேதான் அமெச்சூர் கோஷ்டியின் உயிர்நிலை இருக்கிறது. அதிற் சேர்வதற்கு வித்துவமன்று தகுதி, தோழமையே தகுதி. ஷொற்றனுக்கு இசையில் நாட்டமில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். லெனனின் இளமைத் தோழர் என்பதனால் அவர் கையில் நெளிபலகை வந்து சேர்ந்தது. ஓய்வு நாட்களில் ஒருவர் வீட்டில் ஒத்திகை. பின்னர் தேவாலய மண்டபங்களிலும் கொல்வ் கழகத்திலும் சில நிகழ்ச்சிகள். 1957 யூன் மாதத்தில் லிவர்பூல் தனது பட்டயத்தின் 750ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய பொழுது, தெருவிழா ஒன்றில் நிலக்கரி லொறியின் மீதேறிப் பாடினர். அதே மாதத்தில் நகரின் பெரிய அரங்கில் நடைபெற்ற திறமைத் தேர்வொன்றிலும் கலந்துகொண்டு தோல்வியுற்றனர். சபையோரின் கைதட்டலே அங்கு தீர்ப்பு. வேறொரு கோஷ்டிக்குக் கைதட்டல் கூடுதலாகக் கிடைத்தது.

தோழமையும் வித்துவமும்

மக்காட்னி கோஷ்டியிற் சேர்ந்ததன் பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. கிற்றாரை எவ்வாறு சுருதி சேர்ப்பது என்பது அவனுக்குத் தெரியும். பாடல்களின் சொற்கள் முழுவதும் அவனுக்குப் பாடம். ஸ்கிபிள் பின்தள்ளப்பட்டு 'ரொக் அண்ட் ரோல்' முன்வந்தது. நாட்டார் பாடலை விரும்பிய டேவிஸின் பான்ஜோவுக்கு அங்கே இடமில்லை. அவர் தமது படிப்பை நோக்கிச் சென்றார். ஷொற்றன் தாம் விலகிய விதத்தைத் தமது நினைவு நூலில் எழுதியுள்ளார். விருந்தொன்றில், தமக்கு இனி வாசிக்க விருப்பமில்லை என்று அவர் கூறவும், லெனன் அந்த நெளிபலகையை எடுத்து அவர் தலையிலேயே உடைத்துவிட்டானாம். இருவரும் சிரித்தனர், நட்பு நீடித்தது, வாத்தியம் முடிந்தது. லென் கரி 1958இல் மூளைச்சவ்வைத் தாக்கிய கொடிய நோயினாற் பல மாதங்கள் வைத்தியசாலையிற் கிடந்தார். அதனோடு தேயிலைப் பெட்டியும் ஓய்ந்தது.

கிரிபித்ஸின் நிலை சற்று வேதனை தருவது. 1958இல் ஜோர்ஜ் ஹரிசன் என்னும் இளைஞன் கிற்றாருடன் வந்து சேர்ந்தான். அவனுடைய விரல்களின் திறமைக்கு முன்னே கிரிபித்ஸ் ஈடுகொடுக்க முடியாதிருந்தது. விலகிக்கொள் என்று நேரிற் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. ஒத்திகைக்கான அழைப்பு அவருக்கு வரவில்லை, அவ்வளவே. அவர் வணிகக் கப்பலில் வேலை தேடிக் கடல் கடந்தார். பின்னர் ஓர் இரவு, நிகழ்ச்சியொன்று பாழாகிப் போன ஆத்திரத்தில், வீடு திரும்பும் பஸ்ஸிலே வாக்குவாதம் மூண்டது. ஹன்ரன் தம் முரசுகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவர்களோடு மீண்டும் அவர் வாசிக்கவில்லை.

இதில் எவரைக் குற்றங் கூறுவது? தோழமைக்காகத் திறமையைக் கைவிட்டிருந்தால் உலகம் சில அரிய பாடல்களை இழந்திருக்கும். திறமைக்காகத் தோழமை கைவிடப்பட்ட பொழுது சில இளைஞரின் உள்ளம் நொந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கும் எக்கலைக் குழுவும் என்றோ ஒருநாள் இந்தச் சந்தியை வந்தடைகிறது. பாடசாலை நாடக மன்றங்களையும் வாசகர் வட்டங்களையும் நடத்திய ஆசிரியர்கள் இந்த உண்மையைத் தம் அநுபவத்திலேயே உணர்ந்திருப்பர்.

நினைவு என்னும் சாட்சி

நினைவுகள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்ற கேள்வியும் இங்கு எழுகின்றது. வூல்ற்றன் விழாவில் நின்றவர்கள் பலர் உயிரோடு இருந்த காலத்திலேயே, 1968இல் ஹன்ரர் டேவிஸ் எழுதிய பீற்றில்ஸ் வரலாறு அந்நாளை 1956 யூன் 15 என்று குறித்தது. சம்பந்தப்பட்டவர்களின் நினைவே ஓராண்டு பிசகிவிட்டது. விழாவுக்கென அச்சிடப்பட்ட நிகழ்ச்சி நிரலே உண்மையை நிலைநாட்டியது.

1958ஆம் ஆண்டின் கோடையில், மின்சாதனக் கடையொன்றின் உரிமையாளர் தம் வீட்டில் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு லெனனும் மக்காட்னியும் ஹரிசனும் ஹன்ரனும், பியானோ வாசித்த ஜோன் டவ் லோ என்பவரும் சென்று இரண்டு பாடல்களைப் பதிவு செய்தனர். அதற்கான செலவு 17 சிலிங் 6 பென்ஸ் என்பது ஒரு கணக்கு. ஆளுக்கு ஒரு பவுணாக ஐந்து பவுண் என்பது மக்காட்னியின் நினைவு. கிடைத்தது ஒரேயோர் இசைத்தட்டு. அதனை ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் வீட்டில் வைத்துக் கேட்டனர். கடைசியாக லோவின் கைக்கு வந்த அத்தட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வீட்டிலேயே இருந்தது. 1981இல் மக்காட்னி அதனை விலைகொடுத்து வாங்கினார்.

வூல்ற்றன் விழாவன்று இரவு மண்டபத்திற் பாடியதை உள்ளூர் இளைஞர் ஒருவர் ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். தேய்ந்த ஒலியும் இரைச்சலும் நிறைந்த அந்நாடா 1994இல் லண்டனில் ஏலம் போன பொழுது அதன் விலை 78,500 பவுண். இரண்டு சிலிங் கொடுத்து மண்டபத்தினுள் நுழைந்து நடனமாடியவர்கள் அன்று கேட்டது அதே பாட்டைத்தான். பாட்டு மாறவில்லை, அதற்கு நாம் இடும் விலை மாறிற்று.

மறைந்திருக்கும் இசைவாணர்

குவாரிமென் ஒரு தனிக் கதையன்று. ஸ்கிபிள் அலை ஓய்ந்ததும், தேயிலைப் பெட்டியின் இடத்தை மின்சாரக் கிற்றார் பிடித்தது. அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதிக்கிருந்த தடை 1959இல் நீங்கியது. முன்னணிக் கிற்றார், துணைக் கிற்றார், மந்தரக் கிற்றார், முரசு என்று நால்வர் கொண்ட 'பீற்' கோஷ்டிகள் எல்லா ஊர்களிலும் தோன்றின. இளைஞர் நலன் பற்றி ஆராய்ந்த அல்பமார்ல் குழுவின் அறிக்கை 1960இல் வெளிவந்ததன் பின்னர் வாலிபர் கழகங்கள் பல கட்டப்பட்டன. அவற்றின் மேடைகள் இக்கோஷ்டிகளுக்கு வாய்ப்பளித்தன. லிவர்பூல் வட்டாரத்திலே நூற்றுக்கணக்கான கோஷ்டிகள் இருந்தன. அவற்றின் செய்திகளைத் தாங்கி 'மேர்சி பீற்' என்ற பத்திரிகையே 1961 யூலையில் வெளிவரத் தொடங்கியது. இவற்றுட் பெரும்பாலானவை ஓர் இசைத்தட்டேனும் வெளியிட்டதில்லை. உறுப்பினருக்குத் திருமணமாயிற்று, வேலை வந்தது, தவணைப் பணம் கட்ட இயலாது கிற்றார் கடைக்குத் திரும்பிற்று. கோஷ்டி கலைந்தது.

இவர்களைத் தோல்வியுற்றோர் என்று கணக்கிடுவதா? மானிடவியலறிஞர் ரூத் பினகன் அம்மையார் இக்கேள்விக்கு விடை தேடியவருள் ஒருவர். மேற்கு ஆபிரிக்காவின் சியறாலியோன் நாட்டில் லிம்பா மக்களின் வாய்மொழிக் கதைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற அவர், பின்னர் தாம் வாழ்ந்த மில்ரன் கீன்ஸ் என்னும் ஆங்கில நகரின் மீதே அதே ஆராய்ச்சிக் கண்ணைத் திருப்பினார். தேவாலயப் பாடகர் குழுக்கள், பித்தளை வாத்தியக் குழுக்கள், ரொக் கோஷ்டிகள் யாவற்றையும் 1980களின் முற்பகுதியில் நேரிற் கண்டு ஆராய்ந்தார். 1989இல் வெளிவந்த அவரது நூலின் பெயர் 'மறைந்திருக்கும் இசைவாணர்' எனப் பொருள்படும். ஒரு நகரின் இசைவாழ்வு பெரும் வித்துவான்களால் மட்டும் நடப்பதன்று. வேலை முடிந்து வந்து, மண்டபத்தைத் திறந்து, நாற்காலிகளை அடுக்கி, கூலியின்றி ஒத்திகை பார்க்கும் சாதாரண மனிதராலேயே அது நிலைபெறுகின்றது என்பதை அந்நூல் விளக்கிற்று.

குவாரிமென் தோழர்களின் பிற்கால வாழ்வு இதற்குச் சான்று. டேவிஸ் கேம்பிறிட்ஜ் சென்று கற்றார். ஹன்ரன் மெத்தை தைக்கும் தொழிலையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். ஷொற்றன் உணவுச்சாலைகள் நடத்திப் பொருளீட்டினார். தம் பழைய தோழர்களின் பெயர் உலகெங்கும் ஒலித்த காலத்தில், இவர்கள் வேலைக்குச் சென்று, குடும்பம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்தனர். 1997இல், விழா நடந்து நாற்பது ஆண்டுகள் நிறைந்த பொழுது, லொறித் தட்டில் நின்ற ஐவரும் மீண்டும் வூல்ற்றனில் ஒன்றுகூடி வாசித்தனர். ஐவருமே அறுபதை அண்மித்த வயதினர். அவர்கள் தெரிந்தெடுத்தவை 1957இல் வாசித்த அதே ஸ்கிபிள் பாடல்கள். அச்சந்திப்போடு நின்றுவிடாமல் பல நாடுகளுக்கும் சென்று பாடினர். கிரிபித்ஸ் 2005இலும் ஷொற்றன் 2017இலும் காலமாயினர். அழைப்பு வராத ஒத்திகையால் விலக்கப்பட்ட கிரிபித்ஸ், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை அதே கோஷ்டியின் கிற்றார் வாசிப்பாளராகவே கழித்தார் என்பது நம் மனதுக்கு ஆறுதல் தருகின்றது.

அந்த மீள் கூட்டத்துக்கு அவர்களை ஈர்த்தது புகழ் பெற்ற தோழனின் பெயர் மட்டுமே என்று கூறுவாருளர். மக்கள் காண வந்தது அப்பெயருக்காகவே என்பது உண்மையே. ஆனால் அறுபது வயதில் நெளிபலகையை மடியில் வைத்துத் தாளம் தேய்ப்பதற்குப் பெயர் மட்டும் போதாது. பதினாறு வயதில், எவரும் கற்பிக்காமல், எவரும் கட்டளையிடாமல், தோழரோடு சேர்ந்து ஓர் ஒலியை உண்டாக்கிய மகிழ்ச்சி அவர்களுள்ளே அணையாதிருந்தமையே அதற்குக் காரணமாதல் வேண்டும்.

இன்று தேயிலை பெரும்பாலும் காகிதச் சாக்குகளிலே கப்பலேறுகின்றது. ஒட்டுப்பலகைப் பெட்டிகள் அருகிவிட்டன. இசை வேண்டுமாயின் விரல் நுனியால் ஒரு திரையைத் தொட்டாற் போதும். உலகத்தின் சிறந்த இசை யாவும் வந்து குவிகின்றது. சிறந்ததை மட்டுமே கேட்டுப் பழகிய இளைஞன், தான் வாசிக்கும் முதற் சுரத்தைக் கேட்டு வெட்கமுற்று வாத்தியத்தை மூடி வைத்துவிடுகிறான். அவனுக்கு அன்றைய லொறித் தட்டின் கதையைச் சொல்லுதல் ஆசிரியர்களின் கடன் என்று நாம் கருதுகின்றோம். பிழையாகச் சுருதி சேர்த்த கிற்றாரும், பாதி மறந்த பாட்டும், ஒரு தேயிலைப் பெட்டியும் அன்று அந்த அறுவருக்குப் போதுமாயிருந்தன. அவர்களுள் ஒருவனைப் பின்னர் உலகம் அறிந்தது. அன்று பிற்பகல் அந்த வெளியில் எழுந்த மகிழ்ச்சியில் அறுவருக்கும் பங்கு ஒன்றே.